தக்காளித் தொக்கை நிறுத்த வேண்டாம்

கேள்வி: நான் யீஷூனில் வசிக்கும் 60 வயது இல்லத்தரசி. என் கணவருக்கு 64 வயது. கொழுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். புகைப்பழக்கத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் விட்டார். சென்ற ஆண்டு அவருடைய அண்ணனுக்கு புராஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். தக்காளியில் இருக்கும் லைகோபீன் அந்தப் புற்றுநோயையும் மாரடைப்பையும் தடுக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, என் மகள் லைகோபீன் மாத்திரைக் குப்பி ஒன்றை வாங்கி வந்திருக்கிறாள். அதில் பீட்டா கரோட்டீன், வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவையும் இருப்பதாக எழுதியிருக்கிறது. சமைத்தால் தக்காளியின் சத்தெல்லாம் போய்விடும் என்று என் தங்கை சொன்னதால் தொக்கு, ரசம் வைப்பதை நிறுத்திவிட்டேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய குவளை தக்காளிச் சாறு கொடுக்கிறேன். அவருக்கு நெஞ்செரிச்சல் வருகிறது. தக்காளி விதை சிறுநீரகத்தில் கல்லாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். மாத்திரையைக் கொடுக்கலாமா? சாற்றைத் தொடரலாமா? இவற்றைச் சாப்பிட்டால் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா? தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது சரியா?

பதில்: அன்புள்ள அம்மா, வணக்கம்.

அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குப்பியைக் கணவருக்குக் கொடுக்க வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த கொழுப்பு மாத்திரையை ஒரு நாள்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம். மற்றவற்றை நிதானமாகப் பேசலாம். உங்கள் வீட்டுத் தொக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நிறுத்தியிருக்கவே கூடாத ஒன்றை நிறுத்தியிருக்கிறீர்கள்.

தக்காளியைச் சிவப்பாக்குவது லைகோபீன். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீனின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் அது. பீட்டா கரோட்டீனை உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். லைகோபீனை அப்படி மாற்ற முடியாது. செல்களைச் சிதைக்கும் ஒருவகை ஆக்ஸிஜனை அடக்குவதில் அது பீட்டா கரோட்டீனைவிட ஏறக்குறைய இரு மடங்கு வல்லது என்று 1989இல் ஆய்வுக்கூடத்தில் அளந்து சொன்னார்கள். ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பி என்று அதற்குப் பெயர் வந்ததும், இத்தனை பேர் அதைப் பற்றிப் பேசுவதும் இதனால்தான்.

இந்தப் பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தொக்கு வைக்கும்போது கடைசியில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் விட்டுக்கொண்டு கொதிக்கிறது, பிறகு தெறிக்கிறது, பிறகு சுண்டிச் சுருண்டு, வாணலியின் ஓரத்தில் எண்ணெய் தனியே பிரிகிறது. ஊற்றும்போது வெளிர் மஞ்சளாக இருந்த எண்ணெய் இப்போது செம்மஞ்சளாக நிற்கிறது. மிளகாய்த்தூளின் நிறமும் அதில் உண்டு. ஆனால் மிளகாய்த்தூள் போடாமல் வெறும் தக்காளியை வதக்கினாலும் எண்ணெய் சிவக்கும். அந்தச் சிவப்பு, தக்காளியின் செல் சுவருக்குள் அடைபட்டிருந்து வெளியே வந்த லைகோபீன். சாம்பார் வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் எத்தனை முறை தேய்த்தாலும் போகாத ஆரஞ்சுக் கறை படிகிறதே, அதற்கும் எண்ணெயில் கரையும் இந்த நிறங்களே காரணம்.

சமைக்காத தக்காளியில் லைகோபீன் நார்ச்சத்தோடு பின்னிக் கிடக்கிறது. மென்று விழுங்கினாலும் பெரும்பகுதி அப்படியே வெளியேறிவிடும். சூடு அந்தச் சுவர்களை உடைக்கிறது. மேலும், லைகோபீன் மூலக்கூறு இயற்கையில் நீண்ட கம்பிபோல நேராக இருக்கும். சூடும் எண்ணெயும் சேரும்போது அதில் ஒரு பகுதி வளைந்த வடிவத்துக்கு மாறுகிறது. வளைந்த வடிவம் குடலில் எளிதாக உறிஞ்சப்படுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் சூடாக்கிப் பார்த்தார்கள். தக்காளியிலிருந்து பிரித்தெடுக்க முடிந்த லைகோபீன் 2 நிமிடத்தில் 54 சதவீதமும், 15 நிமிடத்தில் 171 சதவீதமும் கூடியது. அதற்கு மேல் அரை மணிவரை சூடாக்கியும் கூடவில்லை. ஆகவே மணிக்கணக்கில் அடுப்பில் வைக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் தொக்கு சுருளும் நேரமே போதும்.

உங்கள் தங்கை சொன்னதில் ஒரு பாதி உண்மை. அதே ஆய்வில், அரை மணி நேரச் சூட்டில் வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. நூறு கிராம் தக்காளியில் வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராம் இருக்கும். அந்த இழப்பை ஒரு கொய்யாத் துண்டு ஈடுகட்டிவிடும். அதற்காக லைகோபீனை விட்டுக்கொடுப்பது நமக்கு நட்டம். இரண்டும் வேண்டுமென்றால், மதியம் தொக்கோ ரசமோ சாப்பிட்டு, இன்னொரு வேளை தயிர்ப்பச்சடியில் நறுக்கிய தக்காளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பருப்புச் சோற்றோடு சமைக்காத தக்காளி சேரும்போது, பருப்பில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அந்த வைட்டமின் சி உதவும்.

எண்ணெயைப் பற்றியும் உங்களுக்குத் தயக்கம் இருக்கும். கொழுப்புக்கு மருந்து சாப்பிடுபவர் வீட்டில் அது இயல்புதான். ஆனால் எண்ணெயே இல்லாமல் தக்காளி சாப்பிட்டால் லைகோபீன் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. தக்காளிச் சால்சாவோடு அவகாடோ சேர்த்துக் கொடுத்தபோது, சேர்க்காதபோது கிடைத்ததைவிட லைகோபீன் 4.4 மடங்கு உறிஞ்சப்பட்டது என்று 2005இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. ஒரு வேளைக்கு ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், கனோலா, எதுவானாலும் சரி. எண்ணெய் குளமாக மிதக்க வேண்டாம், அவ்வளவே. தக்காளியின் தோலை உரித்துப் போடாதீர்கள். சதையைவிடத் தோலில் லைகோபீன் அடர்த்தி அதிகம்.

எண்ணெயைவிட எனக்குக் கவலை தருவது உப்பு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சிங்கப்பூரர் சராசரியாக நாளொன்றுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்வது தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 2,000 மில்லிகிராம். தொக்கு புளித்துச் சுருண்டிருக்கும்போது நாக்கு கூடுதல் உப்புக் கேட்கும். உப்பைக் கடைசியில், பாதி அளவு போட்டுப் பாருங்கள். கறிவேப்பிலை, சீரகம், வறுத்த வெந்தயப்பொடி, பூண்டு ஆகியவற்றைத் தாராளமாகப் போட்டால் அந்தக் குறை தெரியாது. கணவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

டின்னில் வரும் தக்காளியையும் தக்காளி விழுதையும் மட்டமாக நினைக்க வேண்டாம். நூறு கிராம் புதிய தக்காளியில் சுமார் 3 மில்லிகிராம் லைகோபீன் இருந்தால், நூறு கிராம் விழுதில் 28 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பேரங்காடியில் எடுக்கும்போது உப்பு சேர்க்காததைத் தேடி எடுங்கள். பாட்டிலில் வரும் தக்காளி சாஸிலும் லைகோபீன் உண்டு. ஆனால் அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை இருக்கிறது. மீ கோரெங்கோடு வரும் வெள்ளரிக்காய்மேல் ஊற்றும் சாஸைச் சத்துக் கணக்கில் சேர்க்க முடியாது. பழக்கடையில் வாங்கும் தர்பூசணியிலும் சிவப்புக் கொய்யாவிலும், சமைக்காத தக்காளியைவிட எடைக்கு எடை லைகோபீன் அதிகம். இவற்றை வெட்டி அப்படியே சாப்பிடலாம்.

இனி அந்தக் குப்பி. மகள் அன்பினால் வாங்கி வந்திருக்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். ஆனால் அதில் எழுதியிருக்கும் பொருள்கள் உங்கள் கணவருக்குப் பொருந்தாதவை. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. பல்லாயிரம் பேர் பங்கெடுத்த சோதனைகள் காட்டியது.

பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களைக் கொண்டு நடந்த சோதனையில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டீன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994இல் அந்த முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகமே திகைத்தது. ஏனென்றால், புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் அதைக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டீனும் வைட்டமின் ஏயும் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகமானது. 1996 ஜனவரியில் அந்தச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2013இல் வெளிவந்த ஒரு கண் நோய் ஆய்விலும் பீட்டா கரோட்டீன் எடுத்த பிரிவில் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. அப்படி நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பு புகைபிடித்து, பிறகு விட்டவர்கள். உங்கள் கணவர் விட்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. பாராட்டத்தக்க செயல் அது. அதன் பலனை இந்தக் குப்பியிடம் பறிகொடுக்கக் கூடாது.

புராஸ்டேட் பற்றிய பயத்தில்தான் மாத்திரை வாங்கினீர்கள். அதற்கும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் 35,533 ஆண்களுக்கு வைட்டமின் ஈ, செலினியம் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று தெரிந்ததும் 2008இல் மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள். அதன் பிறகும் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருப்பது 2011இல் தெரிந்தது. எதைத் தடுக்க நினைத்தார்களோ அதுவே அதிகமானது.

உணவில் நல்லதாக இருப்பது மாத்திரையில் ஏன் கெடுதலாகிறது என்று கேட்பீர்கள். உணவில் இந்தப் பொருள்கள் சிறிது சிறிதாக, நூற்றுக்கணக்கான மற்ற பொருள்களோடு சேர்ந்து வருகின்றன. மாத்திரையில் ஒன்றோ இரண்டோ மட்டும் பெரும் அளவில் வந்து இறங்குகின்றன. மேலும், நம் உடல் கிருமிகளைக் கொல்லவும் பழுதடைந்த செல்களை அழிக்கவும் முன்பு சொன்ன, செல்களைச் சிதைக்கும் அந்த ஆக்ஸிஜன் போன்ற மூலக்கூறுகளையே ஓரளவு பயன்படுத்திக்கொள்கிறது. அவற்றை முழுவதும் அடக்கிவிடுவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது. சோதனைக்குழாயில் ஒரு பொருள் காட்டும் வலிமையை வைத்து உடலில் அதன் பலனைக் கணிக்க முடியாது என்பதால், உணவுகளின் ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புத் திறனைப் பட்டியலிட்ட இணையத் தொகுப்பை அமெரிக்க விவசாயத் துறை 2012இல் நீக்கிவிட்டது. ஆனாலும் குப்பிகளின் மேல் அப்படிப்பட்ட எண்களை இன்றும் பார்க்கிறோம். சிங்கப்பூரில் இத்தகைய துணைச்சத்து மாத்திரைகள் விற்பனைக்கு வருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். கடையில் இருக்கிறது என்பதால் அது சோதித்து ஏற்கப்பட்டது என்று பொருளாகாது.

தக்காளியை உணவாகச் சாப்பிடுவதில் என்னதான் கிடைக்கும்? நம்பிக்கை தரும் செய்திகள் உண்டு, அளவோடு நம்ப வேண்டும். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்து 1995இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தக்காளி, தக்காளி சாஸ் போன்றவற்றைச் சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 35 சதவீதம் குறைவாக இருந்தது. பின்லாந்தில் 1,031 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், இரத்தத்தில் லைகோபீன் அதிகம் இருந்தவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 55 சதவீதம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் இவை, மக்கள் தாமாக வாழ்ந்த வாழ்க்கையைக் கவனித்து எழுதியவை. தக்காளி அதிகம் சாப்பிடுபவர் பொதுவாக மற்ற காய்கறிகளையும் அதிகம் சாப்பிடுவார், புகை குறைவாகப் பிடிப்பார். பலன் தக்காளியால் வந்ததா, அந்த வாழ்க்கைமுறையால் வந்ததா என்று முழுவதும் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005இல் சான்றுகளையெல்லாம் ஆராய்ந்துவிட்டு, தக்காளி உணவுக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புக்குச் சான்று மிகக் குறைவு என்றது. லைகோபீனைத் தனியாக எடுப்பதற்கு நம்பத்தகுந்த சான்றே இல்லை என்றது.

அண்ணனுக்கு நோய் வந்திருப்பதால், தம்பிக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. தக்காளியால் ஈடுகட்டக்கூடிய விஷயம் இல்லை இது. பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ அடுத்த முறை போகும்போது, அண்ணனுக்கு எந்த வயதில் நோய் கண்டது என்பதைச் சொல்லி, பிஎஸ்ஏ எனப்படும், புராஸ்டேட் நோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை தமக்குத் தேவையா என்று கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, சிறுநீர் தடைபட்டு வருவது போன்றவை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஆண்கள் இதைப் பேசக் கூச்சப்படுவார்கள். நீங்கள் உடன் செல்வது நல்லது. அந்தக் குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கொழுப்பு மாத்திரை பற்றி: நாளுக்கு 25 மில்லிகிராமும் அதற்கு மேலும் லைகோபீன் கொடுத்த சில சிறிய ஆய்வுகளில் கெட்ட கொழுப்பு சுமார் 10 சதவீதம் குறைந்திருக்கிறது. சில வாரங்கள், சில மாதங்கள் மட்டுமே நடந்தவை அவை. மருத்துவர்கள் தரும் ஸ்டேட்டின் வகைக் கொழுப்பு மாத்திரைகளோ, பல ஆண்டுகள், பல்லாயிரம் பேரிடம், மாரடைப்பையே குறைத்துக் காட்டியவை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தக்காளி மருந்துக்குத் துணையாக இருக்கட்டும்.

காலைச் சாற்றை இன்றே நிறுத்திவிடுங்கள். வெறும் வயிற்றில் அவ்வளவு புளிப்பு இறங்கினால் நெஞ்சு எரியத்தான் செய்யும். எண்ணெய் இல்லாத, சமைக்காத சாற்றில் லைகோபீனும் சரியாகக் கிடைக்காது. அவர் சிரமப்பட்டதற்குப் பலனும் இல்லை. நிறுத்திய பிறகும் எரிச்சல் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுவலி போலவோ, அழுத்துவது போலவோ இருந்தால் நெஞ்செரிச்சல் என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சாற்றை நிறுத்தச் சொல்ல இன்னொரு காரணம் பொட்டாசியம். ஒரு குவளைச் சாற்றில் 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்குப் பொட்டாசியம் நல்லது, இரத்த அழுத்தத்துக்கும் உதவும். ஆனால் லோசார்டான், எனலாப்ரில் போன்ற அழுத்த மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். சிறுநீரகச் செயல்பாடும் குறைந்திருந்தால் அது இதயத் துடிப்பையே பாதிக்கும். உங்கள் கடிதத்தில் மாத்திரையின் பெயர் இல்லை. அவருடைய அண்மைய இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினும் சரியாக இருந்தால், நாளுக்கு ஓரிரு தக்காளி சேர்ந்த சமையலுக்குத் தடையில்லை. சரியில்லை என்றால் தொக்கின் அளவையும் மருத்துவரோ உணவியல் நிபுணரோதான் சொல்ல வேண்டும். சுண்டக் காய்ச்சும்போது பொட்டாசியமும் செறிவாகும்.

விதை கல்லாகாது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்டால் ஆனவை. தக்காளியில் ஆக்ஸலேட் குறைவு. பசலைக்கீரையிலும் பீட்ரூட்டிலும் பாதாம்பருப்பிலும்தான் அதிகம். முன்பே கல் வந்தவர்கூடத் தக்காளியை அஞ்ச வேண்டியதில்லை, தண்ணீர் குடிப்பதில்தான் கவனம் வேண்டும். நம் ஊர் வெயிலில் பலர் குடிக்க வேண்டிய அளவு குடிப்பதே இல்லை.

கடைசியாக, குளிர்சாதனப் பெட்டி. நன்கு பழுத்த தக்காளியை, நாலைந்து நாளில் தீர்த்துவிடுவதாக இருந்தால், பெட்டியில் வைக்கலாம். மணம் சற்றுக் குறையும். சமைக்கும் தக்காளிக்கு அது பெரிய குறையல்ல. கேமரன் மலையிலிருந்து வரும் தக்காளி சில சமயம் அரைப்பழமாகவே சந்தைக்கு வந்துவிடுகிறது. அதைப் பெட்டியில் வைத்தால் பழுப்பது நின்றுபோகும். அதற்காக வெயில் விழும் சமையலறை ஜன்னலிலும் வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியில் லைகோபீன் சரியாக உருவாகாது. பழம் மென்மையாகிவிடும், நிறம் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். வீட்டில் வெயில் படாத, காற்றோட்டமான மூலையில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி வையுங்கள். சிவந்ததும் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.